கூரியர் வேலையில் சங்கச் சந்தா மாதம் 100 ரூபாய்: கட்டலாமா? பி.எஃப், ஈ.எஸ்.ஐ, பதவி உயர்வு பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அம்பத்தூர் ரன்ஷீட் | திங்கள், இரவு 10.52

எல்லோருக்கும் வணக்கம். அம்பத்தூர் பக்கம் ஒரு கூரியர் கம்பெனி ஹப்பில் நான்கு வருடமாக டெலிவரி வேலை செய்கிறேன். வயது 31. காலை ஏழரைக்குப் போனால் பார்சல் பிரித்து, ஸ்கேன் போட்டு, ரன்ஷீட் (அன்றைய டெலிவரிப் பட்டியல்) எடுத்து, வண்டியில் கட்டிக் கிளம்ப ஒன்பதரை ஆகிவிடும். ஒரு நாளைக்கு 70 முதல் 90 பார்சல். சட்டையில் கம்பெனி பெயர், ஐடி கார்டிலும் கம்பெனி பெயர். சம்பளச் சீட்டில் மட்டும் கான்ட்ராக்டர் பெயர். நான்கு வருடத்தில் இவர் மூன்றாவது கான்ட்ராக்டர்.

போன மாதச் சீட்டைப் பார்த்துதான் எழுதுகிறேன். மொத்தம் 16,400. பி.எஃப் பிடித்தம் 1,500. ஈ.எஸ்.ஐ 123. அப்புறம் 'இதர பிடித்தம்' என்று 850. ஷார்ட்டேஜ் என்கிறார்கள். எந்தப் பார்சல், எந்தத் தேதி என்று கேட்டால் பதில் இல்லை.

போன வாரம் சங்கத்திலிருந்து இரண்டு பேர் ஹப் வாசலில் பேசினார்கள். சேரும்போது 200, அப்புறம் மாதம் 100 சந்தா. வீட்டில் சொன்னேன். "வருஷத்துக்கு 1,200 ரூபாய், பையனுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கிடலாம், அவங்க என்ன செய்வாங்கன்னு கேட்டுட்டுக் கட்டுங்க" என்றாள். நியாயமான கேள்விதான். எனக்குப் பதில் தெரியவில்லை.

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. இரண்டு மாதம் முன்பு ஹப்பில் டீம் லீடர் இடம் காலியானது. எனக்குத்தான் வரும் என்று நினைத்திருந்தேன். வெளியிலிருந்து ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். ரூட் எது, எந்தத் தெருவில் எந்த நேரம் போகவேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான். அவன் மேல் கோபம் இல்லை. ஆனால் இந்த வேலையில் மேலே போக வழியே கிடையாதா? சங்கம் அதற்கு ஏதாவது செய்யுமா?

பெரம்பூர் பழைய உறுப்பினர் | திங்கள், இரவு 11.30

தம்பி, நான் வேறொரு பார்சல் கம்பெனியில் 22 வருடம். 19 வருடமாகச் சங்கத்தில் இருக்கிறேன். முதலில் சந்தா விஷயம்.

2025 நவம்பர் வரை இருந்த 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தில் குறைந்தபட்சச் சந்தா எவ்வளவு இருந்தது தெரியுமா? 2001-இல் திருத்திய பிறகும் வருடத்துக்கு 12 ரூபாய். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு வருடம் 3 ரூபாய், கிராமப்புறத் தொழிலாளர்களுக்கு 1 ரூபாய். அதற்கு மேல் எவ்வளவு வாங்கலாம் என்பது அந்தச் சங்கத்தின் பொதுக்குழு முடிவு செய்வது. ஆகவே 100 ரூபாய் என்பது உங்கள் சங்கம் எடுத்த முடிவு. ஏன் 100, அதில் எவ்வளவு வழக்குக்கு, எவ்வளவு அலுவலக வாடகைக்கு என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சேர்வதற்கு முன்னால் நான்கு காகிதம் கேளுங்கள். பதிவு எண் உள்ள சான்றிதழ். விதிப் புத்தகம். போன வருடத் தணிக்கைக் கணக்கு. உங்கள் பெயருக்கு எண் போட்ட ரசீது. உறுப்பினர் எவரும் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கலாம் என்பது அந்த 1926 சட்டத்திலேயே எழுதியிருந்த உரிமை. அரசியல் காரியத்துக்குப் பணம் வாங்கினால் அதைத் தனி நிதியாக வைக்கவேண்டும். அதற்குக் கொடுக்காதவரை ஒதுக்கக் கூடாது என்பதும் அதில் இருந்தது. இந்தக் காகிதங்களைக் கேட்டதும் முகம் சுளிக்கிற சங்கமாக இருந்தால் விட்டுவிடுங்கள். எடுத்து மேசைமேல் வைக்கிற சங்கமாக இருந்தால் அன்றைக்கே சேருங்கள்.

அந்த 850 ரூபாய்க்கு நாளை எழுதுகிறேன். இப்போது நைட் லோடு வந்துவிட்டது.

இரண்டு வருஷம் கட்டினேன் | செவ்வாய், காலை 6.15

நான் கட்டிப் பார்த்தவன். மாதம் 50 வீதம் இரண்டு வருடம். ரசீது முதல் ஆறு மாதம் வந்தது, அப்புறம் "எழுதி வைத்திருக்கிறோம்" என்ற வார்த்தைதான். கான்ட்ராக்டர் மாறினபோது எங்கள் 11 பேரைப் புது ஆள் எடுக்கவில்லை. செயலாளருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அவரே அதே கம்பெனிக்கு லோடிங் ஆள் அனுப்புகிற வேலையில் இருந்தார். போன பணம் பெரிதில்லை. மழையில் நனைந்துகொண்டு மற்றவர்களிடம் சந்தா வாங்கிக் கொடுத்ததே நான். அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அது இன்னும் ஆறவில்லை.

தம்பி, உன் வீட்டம்மா கேட்ட கேள்வி சரியான கேள்வி.

பி.எஃப் கணக்கு பார்க்கிறவன் | செவ்வாய், மதியம் 1.40

சிறு நிறுவனங்களுக்கு பி.எஃப், ஈ.எஸ்.ஐ கணக்கு எழுதுகிறவன் நான். சங்கம் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் தம்பியின் சீட்டில் உள்ள அந்த இரண்டு வரிகளைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். ஒவ்வொரு மாதமும் பிடித்தம் போகிறது, என்ன வாங்கியிருக்கிறோம் என்று தெரியாமலேயே பலர் வேலையை விட்டுப் போகிறார்கள்.

ஈ.எஸ்.ஐ 123 ரூபாய் என்பது 16,400-இல் 0.75 சதவீதம். உங்கள் பேரில் கான்ட்ராக்டர் போடவேண்டியது 3.25 சதவீதம், அதாவது 533. இதற்கு உங்களுக்கும் மனைவி, பிள்ளைக்கும், உங்கள் வருமானத்தை நம்பியிருக்கிற அப்பா அம்மாவுக்கும் மருத்துவம். அயனாவரம், கே.கே. நகர் ஈ.எஸ்.ஐ மருத்துவமனைகள் உங்களுக்கு அருகில் உண்டு. நோய்வாய்ப்பட்டு லீவு போட்டால், ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் வேலை பார்த்திருந்தால், வருடத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதம் சம்பளம் ஈ.எஸ்.ஐ தரும். வேலையில் அடிபட்டுப் படுத்தால் 90 சதவீதம். இதற்கு எத்தனை நாள் வேலை பார்த்தீர்கள் என்ற கணக்கே கிடையாது, சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. வீட்டிலிருந்து ஹப்புக்குப் போகும் வழியில், ஹப்பிலிருந்து வீடு திரும்பும் வழியில் விபத்து நடந்தாலும் அது வேலை விபத்தாகவே எடுத்துக்கொள்ளப்படும். நாள் முழுக்க வண்டியில் இருக்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை. ஒரு நிபந்தனை: விபத்தை ஹப்பில் உள்ள விபத்துப் பதிவேட்டில் எழுதவைக்க வேண்டும். "சின்ன அடிதானே, மாத்திரை போட்டுக்கொள்" என்று அனுப்பிவிட்டால் பிறகு நிரூபிப்பது கஷ்டம்.

பி.எஃப் என்றால் சேமிப்பு என்று மட்டும் நினைக்கிறார்கள். அதோடு இ.டி.எல்.ஐ என்று ஒரு காப்பீடு ஒட்டிக்கொண்டு வருகிறது. உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம். ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் குறைந்தது 2.5 லட்சம். இதற்கு உங்கள் சம்பளத்தில் ஒரு பைசா பிடிப்பதில்லை. நாமினி பதிந்திருக்கிறீர்களா? இன்றைக்கே பாருங்கள்.

இனி முக்கியமானது. மூன்று கான்ட்ராக்டர் என்றீர்கள். யூ.ஏ.என், அதாவது உங்கள் பி.எஃப் எண், ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு கான்ட்ராக்டருக்கும் தனி உறுப்பினர் எண் இருக்கும். அரசின் உமங் செயலியில் பி.எஃப் பாஸ்புக்கைத் திறந்து, மாதா மாதம் பணம் விழுந்திருக்கிறதா என்று வரிசையாக எண்ணுங்கள். ஆள் மாறுகிற மாதங்களில்தான் ஓட்டை விழும். பிடித்த பணத்தைக் கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் முதன்மை நிறுவனம், அதாவது சட்டையில் பெயர் உள்ள கம்பெனி, பொறுப்பேற்க வேண்டும். இது பி.எஃப்-க்கும் ஈ.எஸ்.ஐ-க்கும் பொருந்தும். கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) 5 வருடத் தொடர் பணி வேண்டும். கான்ட்ராக்டர் மாறும்போது 'புதிதாகச் சேர்ந்தவர்' என்று கையெழுத்து வாங்குவது அந்தத் தொடர்ச்சியை அறுக்கத்தான். எதில் கையெழுத்துப் போட்டாலும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அம்பத்தூர் ரன்ஷீட் | செவ்வாய், இரவு 11.05

அண்ணா, டெலிவரி முடித்து வந்து இப்போதுதான் பாஸ்புக் திறந்தேன். மூன்று உறுப்பினர் எண் இருக்கிறது. இரண்டாவது கான்ட்ராக்டர் காலத்தில் ஐந்து மாதம் பணமே விழவில்லை. அந்த ஐந்து மாதச் சீட்டு என்னிடம் இருக்கிறது, ஐந்திலும் பிடித்தம் இருக்கிறது. கணக்குப் போட்டால் என் பணம் மட்டும் 7,000 ரூபாய்க்கு மேல் வருகிறது.

நாமினி இடத்தில் ஒன்றும் இல்லை. இப்போது மனைவி பெயரைப் போட்டுவிட்டேன்.

நியூ ஜெர்சி பேக்கேஜ் | புதன், காலை 7.20

நான் அமெரிக்காவில் யூ.பி.எஸ் என்ற பார்சல் கம்பெனியின் கிடங்கில் அதிகாலைப் பகுதிநேர வேலை பார்க்கிறேன். பட்டப்படிப்பு முடிக்கும் மகளின் காப்பீட்டுக்காகச் சேர்ந்தேன். இங்கே சந்தாக் கணக்கு எப்படி என்று சொல்கிறேன், உங்களுக்குப் பேசுவதற்கு ஒரு முன்மாதிரி கிடைக்கும்.

சங்கம் டீம்ஸ்டர்ஸ். சந்தா என்பது மாதத்துக்கு இரண்டரை மணி நேரக் கூலி. மணிக்கு 21 டாலர் வாங்குகிறவர் மாதம் 52.50 டாலர் கட்டுவார். கூலி ஏறினால் சந்தாவும் ஏறும். அதனால் சங்கத்துக்கும் என் கூலி ஏறவேண்டும் என்ற அக்கறை இருக்கும். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. சந்தா சம்பளத்திலேயே பிடிக்கப்படும். டெக்சாஸ் மாதிரி சில மாநிலங்களில் சந்தா கட்டாமலேயே ஒப்பந்தப் பலனை அனுபவிக்கலாம். என் மாநிலத்தில் அப்படி முடியாது.

அந்தப் பணத்துக்கு என்ன கிடைத்தது? 2023-இல் சுமார் 3,40,000 பேருக்கான ஒப்பந்தம். வேலைநிறுத்தத்துக்கு எல்லாம் தயார் என்ற நிலையில், நிறுவனம் இறங்கி வந்தது. உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டார்கள், 86.3 சதவீதம் ஆதரவு. பகுதிநேர ஆட்களுக்குக் குறைந்தபட்சம் மணிக்கு 21 டாலர். 2024 முதல் வாங்கும் டெலிவரி வண்டிகளுக்கு ஏ.சி. எனக்கு மாதப் பிரீமியம் இல்லாத மருத்துவக் காப்பீடு. அதற்கு முன்னால் 1997-இல் 1,85,000 பேர் 15 நாள் வேலையை நிறுத்தினார்கள். பகுதிநேர வேலைகளிலிருந்து 10,000 முழுநேர வேலைகளை உருவாக்குவது அந்தப் போராட்டத்தில் வாங்கியது. பகுதிநேர ஆட்களை முழுநேரம் ஆக்கு என்பதுதான் அன்றைக்கு முதல் கோரிக்கை. தம்பி கேட்கிற 'மேலே போக வழி' என்பதும் இதேதான்.

அந்த வழி எப்படி வேலை செய்கிறது என்றால், ஓட்டுநர் இடம் காலியானால் சுவரில் ஒரு தாள் ஒட்டுவார்கள். விருப்பம் உள்ளவர்கள் பெயர் எழுதலாம். எழுதினவர்களில் யார் முன்னால் வேலைக்குச் சேர்ந்தவரோ அவருக்கு முதல் வாய்ப்பு. சோதனைக் காலத்தைத் தாண்டவேண்டும், அது கடினம். தாண்டினால் நான்கு வருடத்தில் உச்சக் கூலி. மேலாளருக்கு யாரைப் பிடிக்கும் என்ற பேச்சே இல்லை. தாளை ஒட்டாமல் ஆளைப் போட்டால் சங்கப் பிரதிநிதி மனு எழுதுவார்.

எல்லாம் பொன்னாக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். 2025-இல் யூ.பி.எஸ் 20,000 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தது. ஒப்பந்தம் அதைத் தடுக்கவில்லை. சூப்பர்வைசர் ஆனால் சங்கத்திலிருந்து வெளியே வந்துவிடுவோம், அதற்குப் பயந்து பதவியே வேண்டாம் என்கிற ஆட்கள் என் பக்கத்தில் இருக்கிறார்கள்.

பெரம்பூர் பழைய உறுப்பினர் | புதன், காலை 9.10

நியூ ஜெர்சி அண்ணன் கடைசியில் சொன்னது இங்கேயும் உண்டு, ரன்ஷீட் தம்பி அதைக் கவனிக்கவேண்டும். புதிய தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி மாதம் 18,000-க்கு மேல் வாங்குகிற மேற்பார்வையாளர் 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் வரமாட்டார். டீம் லீடர் ஆனதும் மேற்பார்வை வேலையும் 20,000 சம்பளமும் கொடுத்தால், வேலையை விட்டு நிறுத்தினால் தொழில் தகராறு என்று வழக்குப் போடுகிற வழி அடைபட்டுவிடும். சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் அந்தப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் ஈ.எஸ்.ஐ-யும் நின்றுவிடும். பதவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கையெழுத்துப் போடும் முன் நியமனக் கடிதத்தில் மருத்துவக் காப்பீடு, நோட்டீஸ் காலம் இரண்டும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டீம் லீடர் ஆன ஆறாவது மாதத்தில் வெறுங்கையோடு வெளியே வந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் எனக்கு வண்டியில் பார்சல் கட்டக் கற்றுக்கொடுத்தவர்.

இப்போது 850 விஷயம். ஒப்படைத்த பொருள் தொலைந்தால் சம்பளத்தில் பிடிக்கலாம்தான். ஆனால் உங்கள் கவனக்குறைவால்தான் தொலைந்தது என்று இருக்கவேண்டும், பிடிப்பதற்கு முன்னால் உங்கள் விளக்கத்தைக் கேட்டிருக்கவேண்டும், நஷ்டத்துக்கு மேல் பிடிக்கக்கூடாது. பழைய சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலும் இருந்தது, புதிய ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் இருக்கிறது. விளக்கம் கேட்காமல் பிடித்த 850 சட்டப்படி செல்லாது.

எங்கள் இடத்தில் ஒரு பையனுக்கு சி.ஓ.டி பணத்தில், அதாவது டெலிவரியின்போது வாடிக்கையாளர் தரும் பணத்தில், 4,200 குறைகிறது என்று பிடித்தார்கள். அவன் அழுதுகொண்டே நின்றான். சங்கக் கடிதத்தாளில் நான்கே வரி எழுதினோம்: எந்தத் தேதி, எந்த ரன்ஷீட், பணம் எண்ணி வாங்கிய காசாளர் யார், அந்த நேரத்து கேமரா பதிவு தரவும். ஒன்பதாம் நாள் பணம் திரும்பி வந்தது. எண்ணும்போது இரண்டு பேர் ரன்ஷீட்டை மாற்றிப் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். அவன் தனியாக இதையே கேட்டபோது "நாளையிலிருந்து வராதே" என்றார்களாம்.

இரண்டு வருஷம் கட்டினேன் | புதன், மதியம் 2.00

அந்தக் கடிதம் எழுதுகிற ஆள் உங்களைப் போல இருந்தால் நானும் கட்டுவேன் அண்ணா. எங்கள் ஆள் அப்படி இல்லை. அதனால்தான் சொல்கிறேன், சங்கத்தைப் பார்ப்பதோடு ஆளையும் பார்க்கவேண்டும்.

வேளச்சேரி ஆரஞ்சு பை | புதன், மாலை 4.45

நீங்கள் எல்லோரும் சம்பளச் சீட்டு, பி.எஃப் என்று பேசுவதைப் பார்த்தால் ஏக்கமாக இருக்கிறது. நான் உணவு டெலிவரி. எங்களுக்குச் சீட்டே கிடையாது. 'பார்ட்னர்' என்று பெயர். ரேட் கார்டு ராத்திரியோடு ராத்திரியாக மாறும். வாடிக்கையாளர் ஒருவர் புகார் போட்டால் ஐடி பிளாக் ஆகும், யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாது. செயலிக்குள் உதவிப் பொத்தானை அழுத்தினால் அதே நான்கு பதில் திரும்பத் திரும்ப வரும். அன்றைய வேலை அதோடு போச்சு.

எங்கள் ஆட்களுக்கு இரண்டு விஷயம் சொல்லவேண்டும், அதனால் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாடு அரசு 2023-இல் எங்களுக்கென்று தனி நல வாரியம் அமைத்தது. அதில் பதிய ஒரு பைசா வேண்டாம். யாராவது 'பதிந்து தருகிறேன் 300 கொடு' என்றால் கொடுக்காதீர்கள். 2025-26 பட்ஜெட்டில் வாரியத்தில் பதிந்த 2,000 பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்க 20,000 ரூபாய் மானியம், விபத்தில் இறப்பு, ஊனத்துக்குக் குழுக் காப்பீடு என்று அறிவித்தார்கள். பதியாதவருக்கு இதில் எதுவும் இல்லை. என்னோடு நிற்கிறவர்களில் பாதிப் பேர் பதியவில்லை.

மத்தியச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் தொழிலாளர் நிதிக்குத் தரவேண்டும் என்று இருக்கிறது. ஆனால் எங்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று உச்சவரம்பும் வைத்திருக்கிறார்கள். 2025 டிசம்பர் 25, 31 இரண்டு நாளும் நாடு முழுக்க டெலிவரி ஆட்கள் செயலியை அணைத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். நானும் 31 அன்று அணைத்தேன். புத்தாண்டு ராத்திரி இன்சென்டிவ் போனது. வீட்டில் பிள்ளைகளோடு சாப்பிட்டேன். வருடக் கடைசி ராத்திரி வீட்டில் இருந்தது அதுதான் முதல் தடவை.

மடிப்பாக்கம் ரைடர் | புதன், மாலை 5.30

பெண்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். நான் மளிகை டெலிவரி. சங்கம் எனக்கு முதலில் செய்யவேண்டியது கழிப்பறை. மாநகராட்சி அண்ணா நகர், தி. நகரில் ஏ.சி ஓய்வறை திறந்திருக்கிறது, நல்ல விஷயம், மனதாரச் சொல்கிறேன். என் ஏரியாவிலிருந்து அங்கே போய்வர ஒரு மணி நேரம் ஆகும். காலை எட்டு மணியிலிருந்து தண்ணீர் குடிக்காமல் ஓட்டுகிறேன். டார்க் ஸ்டோரில், அதாவது செயலி ஆர்டருக்கு மட்டும் இயங்குகிற கிடங்கில், எங்களை உள்ளே விடச் சொல்லி யாராவது ஒரு கடிதம் எழுதித் தந்தால் அந்த 100 ரூபாயை முதல் தேதியே கொடுத்துவிடுவேன்.

ஓய்வு பெற்ற தபால்காரர் | புதன், இரவு 8.15

பிள்ளைகளே, நானும் வீடு வீடாகப் போனவன்தான். 1982-இல் இ.டி. ஏஜெண்டாகச் சேர்ந்தேன். இப்போது அவர்களைக் கிராமிய அஞ்சல் ஊழியர் என்கிறார்கள். இலாகா ஊழியர் என்ற அந்தஸ்து கிடையாது, சில மணி நேர வேலைக்குப் படி மாதிரி ஒரு தொகை. ஆனால் ஒரு கதவு திறந்திருந்தது. இலாகாத் தேர்வு எழுதினால் தபால்காரர் ஆகலாம், அங்கிருந்து இன்னொரு தேர்வு எழுதினால் எழுத்தர் ஆகலாம். நான் மூன்றாவது தடவை தேறினேன். அரிக்கேன் விளக்கில் படித்த அந்த விதிப் புத்தகம் இன்னும் வீட்டில் இருக்கிறது. எத்தனை இடம், யாருக்குத் தகுதி, எந்தத் தேதி தேர்வு என்று சுற்றறிக்கை வரும். சங்கம் அதை அச்சடித்துக் கிளை அலுவலகம் வரை அனுப்பும். என் மேலாளருக்குப் பிடிக்காவிட்டாலும் அந்தச் சுற்றறிக்கையை மறைக்க முடியாது.

சந்தா எங்களுக்குச் சம்பளத்தில் பிடித்தம். எந்தச் சங்கத்துக்கு எவ்வளவு பேர் பிடித்தம் கொடுக்கிறார்கள் என்பதை வைத்தே அரசு அங்கீகாரம் தரும். 35 சதவீதம் வேண்டும், இரண்டாவது சங்கத்துக்கு 15. அப்படிப்பட்ட பெரிய சங்கத்துக்கே 2023 ஏப்ரலில் அங்கீகாரத்தை ரத்து செய்தார்கள். விவசாயிகள் போராட்டத்துக்கும் சி.ஐ.டி.யு என்ற தொழிற்சங்க அமைப்புக்கும் சங்க நிதியிலிருந்து பணம் கொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. விவசாயிக்குக் கொடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை, நானும் விவசாயி மகன். ஆனால் சந்தாப் பணம் எந்தத் தலைப்பில் போகிறது என்று எழுதி வைப்பதில் எவ்வளவு கவனம் வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது.

பெரம்பூர்க்காரர் இருக்கிறார் என்பதால் ஒன்று. 1918 ஏப்ரலில் அந்தப் பெரம்பூரில்தான் மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்தது. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு ஆகியோர் அதற்கு முன்னின்றவர்கள். பின்னி மில் ஆட்களுக்கு மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்தான், அது போதவில்லை என்பது அன்றைய பெரிய குறை. உங்களுக்கு இன்றைக்கு எத்தனை நிமிடம் கிடைக்கிறது?

அம்பத்தூர் ரன்ஷீட் | புதன், இரவு 11.20

ஐயா, எங்களுக்குச் சாப்பாட்டுக்கென்று நேரமே கிடையாது. யாராவது வாடிக்கையாளர் "பத்து நிமிஷத்துல வர்றேன்" என்று சொன்னால் அந்தப் பத்து நிமிடத்தில் வண்டி மேல் உட்கார்ந்து சாப்பிடுவேன்.

ஞாயிறு சங்கக் கூட்டம் இருக்கிறதாம். போய்விட்டு எழுதுகிறேன்.

பெரம்பூர் பழைய உறுப்பினர் | வியாழன், காலை 6.40

போவதற்கு முன்னால் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். பதவி உயர்வை எங்கள் சங்கங்கள் சரியாகக் கையில் எடுக்கவில்லை. போனஸ், கூலி, வேலைநீக்கம், இவற்றிலேயே 19 வருடம் போய்விட்டது. ஹப் வாரியாக யார் எப்போது சேர்ந்தார்கள் என்ற பட்டியல்கூட எங்களிடம் இல்லை. கான்ட்ராக்டர் மாறும்போது எல்லோரும் 'புது ஆள்' ஆகிவிடுவதால் கம்பெனியிடமும் இல்லை. நியூ ஜெர்சி அண்ணன் சொன்ன அந்தச் சுவர்த் தாள், தபால்காரர் ஐயா சொன்ன அந்தச் சுற்றறிக்கை, இரண்டுக்கும் அடியில் ஒரு பட்டியல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதைக் கேளுங்கள். இல்லை என்று சொன்னால் நீங்களே தொடங்குங்கள். காலியிடம் வந்தால் ஏழு நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டு, உள்ளே இருக்கிறவரை முதலில் பார் என்று கேட்கக் காசு செலவில்லை. கம்பெனிக்கும் இதில் நஷ்டம் இல்லை.

பி.எஃப் கணக்கு பார்க்கிறவன் | வியாழன், காலை 10.05

ஐந்து மாத விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பி.எஃப் அலுவலகத்தின் புகார் தளத்தில் சீட்டுகளை இணைத்துப் பதியுங்கள். ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி குறைதீர்ப்பு முகாம் நடக்கும், நேரிலும் போகலாம். உங்களுக்கு விழவில்லை என்றால் அதே கான்ட்ராக்டரிடம் இருந்த மற்றவர்களுக்கும் விழுந்திருக்காது. எல்லோர் யூ.ஏ.என்-ஐயும் சேர்த்து ஒரே மனுவாகக் கொடுத்தால் அதிகாரி அந்தக் கான்ட்ராக்டர் மேல் தனி விசாரணையே தொடங்கலாம்.

அம்பத்தூர் ரன்ஷீட் | திங்கள், இரவு 10.30

நேற்றுக் கூட்டத்துக்குப் போனேன். 26 பேர் வந்திருந்தார்கள். பெரம்பூர் அண்ணன் சொன்ன நான்கு காகிதத்தையும் கேட்டேன். கேட்கும்போது குரல் நடுங்கியது. செயலாளர் அம்மா ஒருவர், வேறொரு கிடங்கில் பேக்கிங் வேலை பார்க்கிறவர். பீரோவைத் திறந்து கணக்குப் புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். போன வருடம் வழக்கறிஞருக்கு எவ்வளவு, வாடகைக்கு எவ்வளவு, காலில் அடிபட்ட ஒருவர் வீட்டுக்கு அரிசி பருப்பு வாங்கிக் கொடுத்தது எவ்வளவு என்று எல்லாம் கையெழுத்தில் இருந்தது. ஒரு மாதம் 340 ரூபாய் குறைகிறது, 'கணக்கு வரவில்லை' என்றே எழுதி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் 200 ரூபாயும் முதல் மாதச் சந்தாவும் கட்டினேன். ரசீது எண் 417. வீட்டில் காட்டினேன். வாங்கி, ரேஷன் கார்டு வைக்கிற கவரில் வைத்துவிட்டாள்.

எங்கள் ஹப்பில் 14 பேர் பாஸ்புக் பார்த்தோம். 14 பேருக்கும் அதே ஐந்து மாதம் இல்லை. மனு எழுதியாகிவிட்டது, 27-ஆம் தேதி மூன்று பேர் நேரில் போகிறோம். 850-க்கும் கடிதம் போயிருக்கிறது. மடிப்பாக்கம் அக்காவின் விஷயத்தையும் சொன்னேன், எந்த ஸ்டோர் என்று கேட்கிறார்கள், தனிச் செய்தியில் அனுப்புங்கள்.

அப்புறம் அந்தப் பட்டியல். சங்கத்தில் இல்லை. நீயே எழுது என்றார்கள். இன்று மதியம் லோடு வருவதற்குள் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். எந்தக் கான்ட்ராக்டர் என்று பார்க்காமல், இந்த ஹப்புக்குள் முதலில் கால் வைத்த தேதி மட்டும். டெலிவரி, லோடிங், சார்ட்டிங் என்று எல்லோரிடமும் கேட்டேன். சிலர் பழைய ஐடி கார்டை எடுத்துக் காட்டினார்கள். 38 பேர் எழுதினேன். என் பெயர் ஒன்பதாவது இடத்தில் இருக்கிறது.

முதல் இடத்தில் இருப்பவர் நைட் ஷிஃப்டில் லோடு இறக்குகிற அண்ணன். ஒன்பது வருடமாம். டீம் லீடர் இடம் காலியானது அவருக்குத் தெரியவே தெரியாது, யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நோட்டை அவரிடம் கொடுத்து, தேதி சரியா என்று பார்க்கச் சொன்னேன். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். மாதம் சரி, தேதி மட்டும் 14 இல்லை 11 என்றார். மாற்றி எழுதிவிட்டேன்.